ட்யூன் வரிசை: எந்தப் புத்தகத்தோடு நிறுத்தலாம்?

'ட்யூன்' என்ற அறிவியல் புனைகதைப் படத்தின் இரண்டாம் பாகம் 2024 மார்ச்சில் வந்ததிலிருந்து ஒரே சண்டைதான். நாயகன் பால் அட்ரெய்டீஸ் உண்மையிலேயே பாலைவனத்தில் வாழும் ஃப்ரெமன் மக்கள் காத்திருந்த மீட்பரா, இல்லை எல்லாம் பெனி ஜெஸரிட் என்ற ரகசிய அமைப்பின் பெண்கள் கட்டிவிட்ட கதையா? "கட்டுக்கதை என்று படத்திலேயே சொல்லிவிட்டார்களே" என்பது ஒரு கட்சி. "கட்டுக்கதை என்றால் சொன்னதெல்லாம் ஏன் பலிக்கிறது?" என்பது எதிர்க்கட்சி. சண்டை முற்றியதும் இரண்டு பேருமே புத்தகம் பக்கம் திரும்புகிறார்கள். அங்கே ஃப்ராங்க் ஹெர்பர்ட் எழுதியது 6, அவர் மகனும் இன்னொருவரும் சேர்ந்து அந்தக் கதையைத் தொடர்ந்து எழுதியது 2. எதுவரை படித்தால் போதும் என்பதுதான் பலரும் கேட்கும் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவதோடு நிறுத்துங்கள், அல்லது நான்காவதோடு. மற்ற இடங்களில் நிறுத்துபவர்களுக்கும் காரணம் உண்டு, அதையும் பார்ப்போம். இரண்டு படங்களையும் பார்த்தவர்களுக்காக எழுதுகிறேன். பின்வரும் கதையில் சில திருப்பங்களைத் தொடாமல் ஒப்பிட முடியாது. யார் எப்படிச் சாகிறார்கள் என்பதை மட்டும் கூடியவரை விட்டுவிடுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயம். தீர்க்கதரிசனம் பற்றிய கேள்விக்குப் பதில் கிடைக்கிறதா? நிறுத்தும் இடம் ஒரு முடிவு போல இருக்கிறதா? படிக்க எவ்வளவு உழைப்பு? அப்புறம், வரப்போகும் மூன்றாம் படத்தை எந்த மனநிலையில் பார்க்க விரும்புகிறீர்கள்?

முதல் கேள்வியில்தான் விவாதங்கள் சிக்கிக்கொள்கின்றன. காரணம், தீர்க்கதரிசனம் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சங்கதிகளைப் போட்டுக் குழப்புகிறோம்.

முதலாவது, விதைத்த கதை. பெனி ஜெஸரிட் அமைப்பின் மிஷனேரியா ப்ரொடெக்டிவா என்ற பிரிவு கிரகம் கிரகமாகப் போய் மீட்பர் கதைகளைப் பரப்பி வைக்கும். பின்னாளில் தங்கள் பெண் ஒருத்தி அங்கே ஆபத்தில் மாட்டினால், அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு உயிர் பிழைக்கலாம். லிசான் அல் கைப் என்ற மீட்பரின் கதை, ஃப்ரெமன்கள் வாழும் பாலைவனக் கிரகமான அராக்கிஸுக்கு வந்தது இப்படித்தான்.

இரண்டாவது, இனப்பெருக்கத் திட்டம். 90 தலைமுறையாகக் குடும்பங்களைக் கோத்து, க்விசாட்ஸ் ஹாடரக் என்ற பேராற்றல் கொண்ட ஒருவனை உருவாக்கப் பார்க்கிறார்கள். இதில் தெய்வச் செயல் ஒன்றும் கிடையாது. பாலின் தாய் ஜெசிகாவிடம் மகளைப் பெறச் சொன்னார்கள். அவள் மகனைப் பெற்றாள். ஒரு தலைமுறை முன்னதாகவே ஆள் வந்துவிட்டான்.

மூன்றாவது, அராக்கிஸில் கிடைக்கும் ஸ்பைஸ் என்ற போதைப்பொருள் பாலுக்குத் தரும் வருங்காலப் பார்வை. இது மட்டும் கதைக்குள் நிஜமான சக்தி. இதற்குக் குருட்டுப் புள்ளிகள் உண்டு என்பதைப் படம் அதிகம் தொடவில்லை. என்னைக் கேட்டால் மொத்தத் தொடரின் சாவியே அங்கேதான் இருக்கிறது. பாலால் பார்க்க முடியாத ஆட்கள் யார் என்று புத்தகம் புத்தகமாகத் தேடிப் போனால், மீட்பர் உண்மையா பொய்யா என்ற கேள்வி ஹெர்பர்ட்டை அவ்வளவாக ஈர்க்கவில்லை என்று தெரியும். வருங்காலத்தைப் பார்ப்பவனின் பிடியிலிருந்து மற்றவர்கள் எப்படித் தப்புவது என்பதே அவர் தேடியது.

| எதுவரை | தீர்க்கதரிசனக் கேள்வி | முடிவு | உழைப்பு |
|---|---|---|---|
| 1: ட்யூன் | திறக்கிறது, தவறாகப் புரிய நிறைய இடம் | வெற்றி போலத் தெரியும் | முதல் 100 பக்கம் கடினம் |
| 2: ட்யூன் மெசையா | விலை என்ன என்று தெரிகிறது | முழுமை | குறைவு |
| 4: காட் எம்பரர் ஆஃப் ட்யூன் வரை | பதில் கிடைக்கிறது | முழுமை | அதிகம் |
| 6: சாப்டர்ஹவுஸ் வரை | வேறு கேள்வி தொடங்குகிறது | அந்தரத்தில் நிற்கும் | மிக அதிகம் |
| 8: சாண்ட்வார்ம்ஸ் வரை | வேறொருவர் பதில் | கதவு சாத்தப்படுகிறது | அதிகம், நடை எளிது |

## முதல் புத்தகம் மட்டும்

'ட்யூன்' முதலில் அனலாக் பத்திரிகையில் 1963 டிசம்பரிலிருந்து 1965 மே வரை இரண்டு தொடர்களாக வந்தது. நூலாக்க 20-க்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்தன. கடைசியில் 1965-இல் போட்டது, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் நிறுவனம். அடுத்த ஆண்டே அறிவியல் புனைகதைக்கான நெபுலா பரிசும், இன்னொரு நாவலோடு பகிர்ந்து ஹியூகோ பரிசும் கிடைத்தன.

விதைத்த கதை எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தப் புத்தகத்தைப் போல வேறெதுவும் நெருக்கத்தில் காட்டவில்லை. அரக்கீன் நகர மாளிகையில் வேலைக்காரி ஷாடவுட் மேப்ஸ், மணற்புழுவின் பல்லில் செய்த கத்தியை எடுத்து ஜெசிகாவிடம் நீட்டி, இதன் பொருள் தெரியுமா என்று கேட்கும் இடத்தைப் பாருங்கள். தவறான பதில் சொன்னால் கத்தி பாயும். ஜெசிகாவுக்குப் பதில் தெரியாது. இந்த ஊரில் தன் அமைப்பு கதை விதைத்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். அதை நம்பி ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறாள்: 'மேக்கர்' என்கிறாள். சாவை உண்டாக்குவது என்று முடிக்க நினைத்தவள், முடிப்பதற்குள் மேப்ஸ் அலறிவிடுகிறாள். மேக்கர் என்பது ஃப்ரெமன்கள் மணற்புழுவுக்கு வைத்த பெயர். பாதி வாக்கியத்தில் தீர்க்கதரிசனம் நிறைவேறிவிட்டது. அந்த மூதாட்டியின் குரலில் துக்கமும் பரவசமும் கலந்திருக்கின்றன; அவளைப் பொறுத்தவரை இதில் பொய்யே இல்லை. "கட்டுக்கதைதானே" என்று ஒரு வார்த்தையில் தள்ளுபவர்கள் இந்த அத்தியாயத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஆனால் இங்கேயே நிறுத்தினால் ஒரு மறைமுக இழப்பு உண்டு. கதையின் ஓட்டம் பாலை வெற்றி வீரனாகவே கொண்டுபோய் நிறுத்துகிறது. எச்சரிக்கைகள் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. பாலைவனக் கூடாரத்தில் தன் பெயரால் நடக்கப்போகும் படுகொலையைப் பால் முன்கூட்டியே பார்க்கிறான். எதிரிக் குடும்பத்தின் ஃபெய்ட் ரௌத்தாவோடு கத்திச் சண்டைக்கு இறங்கும்போது, தான் செத்தாலும் இது நிற்காது, தியாகி ஆக்கிவிடுவார்கள் என்று புரிந்துகொள்கிறான். இருந்தும் முதல் வாசிப்பில் கைதட்டத்தான் தோன்றும். எச்சரிக்கை பலருக்குப் போய்ச் சேரவில்லை என்பது ஹெர்பர்ட்டுக்கும் பின்னால் உறுத்தியது.

இன்னொன்று. படங்களில் வராத கவுண்ட் ஃபென்ரிங் இந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் நிற்கிறார். க்விசாட்ஸ் ஹாடரக் ஆகும் வாய்ப்பை நூலிழையில் தவறவிட்டவர். பால் தன் எந்தக் காட்சியிலும் அவரைக் கண்டதில்லை. அவர் நினைத்திருந்தால் பாலை அங்கேயே கொன்றிருக்கலாம், அவர் மறுத்துவிடுகிறார். பார்வைக்குத் தப்பிய முதல் ஆள் இவர்தான்.

முதலாவது மட்டும் யாருக்குப் போதும்? அந்தக் கிரகம், தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் அந்த வாழ்க்கை, மணற்புழுக்கள், அரச குடும்பங்களின் சூது ஆகியவற்றுக்காக வருபவர்களுக்கு. அந்த வகையில் பின்னால் வரும் ஐந்தில் எதுவும் இதற்கு ஈடில்லை.

## இரண்டாவது வரை

1969-இல் வந்த 'ட்யூன் மெசையா' மெலிந்த புத்தகம். 'ட்யூன்' தொடரைப் போட்ட அனலாக் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் இதை மறுத்துவிட்டார்; கேலக்ஸி பத்திரிகையில்தான் தொடராக வந்தது. நாயகனை உயர்த்திவிட்டு உடைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. இன்றும் நிறைய வாசகர்கள் அதே காரணத்துக்காகத்தான் கோபப்படுகிறார்கள்.

12 ஆண்டு கழித்துக் கதை தொடங்குகிறது. பால் பேரரசன். அவன் பெயரால் நடந்த புனிதப் போரில் 6,100 கோடிப் பேர் செத்திருக்கிறார்கள். 90 கிரகங்கள் உயிரற்றுப் போயிருக்கின்றன. இந்தக் கணக்கைச் சொல்வது எதிரி இல்லை, பாலே ஃப்ரெமன் தலைவன் ஸ்டில்கரிடம் சொல்கிறான். செங்கிஸ் கானையும் ஹிட்லரையும் இழுத்துத் தன்னோடு ஒப்பிட்டுக்கொள்கிறான்.

அவனுக்கு எதிராகச் சதி செய்பவர்கள் தங்களோடு எட்ரிக் என்ற விண்வெளி மாலுமியை வைத்துக்கொள்கிறார்கள். அவனும் ஸ்பைஸில் ஊறி வருங்காலத்தைப் பார்ப்பவன். அப்படிப்பட்ட ஒருவன் பக்கத்தில் இருந்தால் இன்னொருவன் பார்வை அங்கே நுழையாது. முதல் புத்தகத்தில் தற்செயலாக இருந்த குருட்டுப் புள்ளி, இங்கே ஆயுதமாகிவிட்டது.

இந்தப் புத்தகத்தில் என்னை மிகவும் பாதித்த பகுதி பால் கண்ணிழந்த பின் நடப்பது. கண்கள் போய்விட்டன, ஆனாலும் அவன் தடுமாறவில்லை. எதிரில் நிற்பவரைப் பெயர் சொல்லி அழைக்கிறான், அவர் நிற்கும் பக்கமே திரும்பிப் பேசுகிறான். ஏனென்றால் இந்த நாளை அவன் முன்பே முழுதாகப் பார்த்துவிட்டான். நினைவிலிருக்கும் காட்சிக்குள் நடந்துகொண்டிருக்கிறான். அதற்கு நிபந்தனை ஒன்றுதான்: அந்தக் காட்சியில் இருந்தபடியே எல்லாம் நடக்க வேண்டும். ஒரு சொல்லை மாற்றிப் பேசினால், ஓர் அடியை மாற்றி வைத்தால், உண்மையிலேயே குருடனாகிவிடுவான். முன்னால் இருக்கும் துயரம் என்ன என்று தெரிந்தும் அதே வழியில் நடக்கிறான். வருங்காலத்தைப் பார்ப்பது வரமா என்று கேட்பவர்களுக்கு இந்தச் சில அத்தியாயங்களே போதும்.

மறைமுகச் செலவு இரண்டு. போர் முழுவதும் பக்கங்களுக்கு வெளியே நடந்து முடிந்துவிட்டது. இங்கே அறைக்குள் பேச்சுதான் அதிகம். அடுத்து, இயக்குநர் டெனி வில்நவ்வின் மூன்றாம் படம் இந்தப் புத்தகத்தைத் தழுவியது, 2026 டிசம்பருக்கு அறிவிக்கப்பட்டது. படத்துக்கு முன் படித்தால் பெரிய அதிர்ச்சிகள் முன்பே தெரிந்துவிடும். நான் அப்படியும் முதலில் படிக்கவே சொல்வேன். இரண்டாம் படத்தில் பாலின் காதலி சானி அவனை விட்டுப் போகிறாள். புத்தகத்தில் அவள் கடைசிவரை அவன் பக்கம்தான். ஆகவே படம் எங்கே, ஏன் விலகுகிறது என்று பார்ப்பதே தனி அனுபவமாக இருக்கும்.

நேரம் குறைவு, பாலின் கதை முழுதாக வேண்டும் என்றால் இதோடு நிறுத்துவதே சரி.

## மூன்றாவதில் நிறுத்த வேண்டாம்

1976-இல் வந்த 'சில்ட்ரன் ஆஃப் ட்யூன்' நன்றாக விற்ற புத்தகம். மூன்றோடு முத்தொகுதி முடிகிறது என்ற கணக்கில் பலர் இங்கே நிறுத்துகிறார்கள். ஆனால் இதன் கடைசியில் பாலின் மகன் லெட்டோ எடுக்கும் முடிவு ஒரு மாபெரும் கதவைத் திறக்கிறது. அதற்குள் நுழையாமல் திரும்புவதில் அர்த்தமில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து 2003-இல் ஒரு குறுந்தொடர் எடுத்தார்கள், ஜேம்ஸ் மெக்கவாய் லெட்டோவாக நடித்தது. மூன்றாவதில் தேங்கிப் போனவர்கள் அதைப் பார்த்துவிட்டு நான்காவதற்குத் தாவலாம்.

## நான்காவது வரை

'காட் எம்பரர் ஆஃப் ட்யூன்', 1981. கதை 3,500 ஆண்டு தாண்டிப் போய்விட்டது. லெட்டோ இன்னும் உயிரோடு ஆள்கிறான், பெரும்பகுதி மணற்புழுவாக மாறிய உடலோடு. அராக்கிஸ் பச்சைப் பசேலென்று இருக்கிறது. பாலைவனம் அவனுக்காக விட்டுவைத்த ஒரு துண்டு மட்டும்.

தந்தை மகன் இருவரும் பார்த்த வருங்காலம் ஒன்றுதான். தந்தை பயந்து விலகிய பாதையில் மகன் நடக்கிறான். அதற்கு அவன் வைத்த பெயர் பொற்பாதை. மனித குலத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒரே கையில் இறுக்கிப் பிடித்து வைப்பது. பிடி விட்டதும் அவர்கள் எட்டுத் திசையும் சிதறி ஓடி, இனி ஒருபோதும் ஒருவன் கைக்குள் அடங்காதவர்களாக ஆவது. இதோடு இன்னொரு வேலையும் செய்கிறான். பெனி ஜெஸரிட் கையிலிருந்த இனப்பெருக்கத் திட்டத்தைப் பிடுங்கி, யாருடைய வருங்காலப் பார்வையிலும் தென்படாத மனிதர்களை உருவாக்குகிறான். சியோனா அப்படிப் பிறந்தவள். ஃபென்ரிங்கில் தொடங்கி எட்ரிக் வழியாக வந்த இழை இவளிடம் வந்து முழுமை அடைகிறது. மீட்பரை எதிர்பார்த்துத் தொடங்கிய தொடர், எந்தத் தீர்க்கதரிசியும் பார்க்க முடியாத ஒரு பெண்ணிடம் வந்து சேர்கிறது. இதைவிட நேரான பதில் தொடரில் வேறெங்கும் கிடையாது.

ரசிகர்களின் உண்மையான விவாதமும் இங்கேதான் சூடு பிடிக்க வேண்டும். பொற்பாதை தேவை, இல்லாவிட்டால் மனித குலம் அழியும் என்பதற்கு யார் சாட்சி? லெட்டோ மட்டும். கொடுங்கோலன் ஒருவன் "எல்லாம் உங்கள் நன்மைக்கே" என்று சொல்வதை எப்படி நம்புவது? ஒரே இன்னொரு சாட்சி சியோனா. பாலைவனச் சோதனையில் அவளும் அந்த அழிவைக் காட்சியாகப் பார்க்கிறாள். ஆனால் அப்போது தாகத்துக்கு அவள் குடித்தது லெட்டோவின் உடலிலிருந்து ஊறிய ஸ்பைஸ் கலந்த நீரைத்தான். பார்த்த பிறகும் அவள் வெறுப்பு குறையவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அழிவு உண்மையாக இருக்கலாம். அதனால் அவனுக்கு ஆளும் உரிமை வந்துவிடாது. ஹெர்பர்ட் இந்த இரண்டையும் ஒன்றாக்காமல் விட்டது இந்தப் புத்தகத்தின் பலம்.

செலவு அதிகம்தான். நீங்கள் நேசித்த பாத்திரங்களில் முதல் புத்தகத்தின் வீரன் டங்கன் ஐடஹோ மட்டுமே மிச்சம், அதுவும் திரும்பத் திரும்பப் புதிதாக வளர்த்தெடுத்த நகலாக. சண்டைகள் குறைவு, லெட்டோவின் பேச்சு ஏராளம். ராணுவத்தையும் ஒருபாலீர்ப்பையும் முடிச்சுப் போடும் ஒரு பகுதி இன்று படிக்கையில் மோசமாகவே இருக்கிறது. லெட்டோவும் அவன் காரியதரிசி மொனியோவும் பேசும் முதல் சில அத்தியாயங்கள் உங்களைப் பிடித்துக்கொண்டால் தொடருங்கள். இழுவையாகப் பட்டால் மீதியும் அப்படியேதான் இருக்கும்.

## ஆறு வரை

'ஹெரெடிக்ஸ் ஆஃப் ட்யூன்' 1984, 'சாப்டர்ஹவுஸ்' 1985. மேலும் 1,500 ஆண்டு கழிந்த கதை. சிதறிப் போனவர்களில் ஒரு கூட்டம் ஆனர்ட் மேட்ரஸ் என்ற பெயரில் திரும்பி வந்து அடித்து நொறுக்குகிறது. அவர்களையே துரத்தும் ஏதோ ஒன்று பின்னால் இருக்கிறது.

தீர்க்கதரிசனம் தேடி வருபவர்களுக்கு ஷீயானா என்ற சிறுமிக்காக ஐந்தாவதைப் பரிந்துரைப்பேன். மணற்புழுக்கள் அவள் சொல் கேட்கின்றன. பெனி ஜெஸரிட் உடனே அவளைச் சுற்றி ஒரு மதத்தைக் கட்ட வேலை தொடங்குகிறது. மேப்ஸ் நீட்டிய கத்தியின் மறுபக்கத்தை, அதாவது கதை தயாராகும் இடத்தை, இங்கே பார்க்கலாம். பாலுறவையே ஆயுதமாக்கும் பகுதிகள் நிறைய இருப்பதால் பள்ளி வயதினருக்குக் கொடுக்க வேண்டாம்.

ஹெர்பர்ட்டின் மனைவி பெவர்லி 1984-இல் காலமானார். 'சாப்டர்ஹவுஸ்' கடைசியில் அவரைப் பற்றி ஹெர்பர்ட் எழுதிய பக்கங்கள் உண்டு. கதைக்கு வெளியே இருந்தாலும் தவறவிடக் கூடாதவை. 1986 பிப்ரவரி 11-இல் ஹெர்பர்ட்டும் போய்விட்டார். ஒரு கப்பல் தப்பி ஓட, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் டேனியல், மார்ட்டி என்ற வயதான ஜோடி யார் என்று தெளிவாகச் சொல்லாமலே கதை நின்றுவிட்டது. முகம் மாற்றும் ஃபேஸ் டான்சர்கள் தங்கள் எஜமானர்களிடமிருந்து விடுபட்டு வளர்ந்த வடிவம் என்பதற்கே அந்தப் பக்கங்களில் தடயம் அதிகம் என்பது என் வாசிப்பு. முடியாத கதையோடு இருக்கப் பழகியவர்கள் ஆறு வரை தாராளமாகப் போகலாம்.

## எட்டு வரை

'ஹன்டர்ஸ் ஆஃப் ட்யூன்' 2006, 'சாண்ட்வார்ம்ஸ் ஆஃப் ட்யூன்' 2007. மகன் ப்ரையன் ஹெர்பர்ட்டும் கெவின் ஜே. ஆண்டர்சனும் எழுதியவை. ஃப்ராங்க் விட்டுப்போன கதைச் சுருக்கம் வங்கிப் பெட்டகத்தில் கிடைத்தது, அதை வைத்தே எழுதினோம் என்கிறார்கள். அந்தச் சுருக்கம் வாசகர் பார்வைக்கு வந்ததில்லை; ஆகவே எது தந்தையின் யோசனை, எது இவர்களுடையது என்று பிரிக்க வழியில்லை.

என் மறுப்பு நடையைப் பற்றியது இல்லை. தெரியாத எதிரிக்கு இவர்கள் தரும் விடை, தாங்களே 2002 முதல் 2004 வரை எழுதிய முன்கதை முத்தொகுதியிலிருந்து வருகிறது. அந்த மூன்றையும் படிக்காவிட்டால் விடை கனமில்லாமல் போகும். இரண்டு புத்தகச் செலவு என்று நினைத்தது ஐந்தாகிறது. அதைவிடப் பெரிய குறை, கடைசியில் இன்னொரு க்விசாட்ஸ் ஹாடரக்கை அரியணையில் ஏற்றுகிறார்கள். மீட்பர்களிடமிருந்து தப்பும் வழியைத் தேடிய ஆறு புத்தகங்களுக்குப் பின் மறுபடி ஒரு மீட்பர் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனாலும் முடிவு தெரியாமல் தூக்கம் வராது என்பவர்களுக்கு வேறு வழி இல்லை, படியுங்கள். 2024-இல் 6 அத்தியாயமாக வந்த 'ட்யூன்: ப்ராஃபசி' தொலைக்காட்சித் தொடரும் இவர்கள் எழுதிய முன்கதைகளின் பக்கத்தைச் சேர்ந்தது, பாலுக்கு 10,000 ஆண்டு முந்தியது, எந்தப் புத்தகத்துக்கும் அது முன்நிபந்தனை இல்லை.

முதல் புத்தகத்தை எப்போதோ படித்துவிட்டு இப்போது மூன்றாம் படத்துக்காகத் தொடர நினைப்பவர்கள் முழுதாகத் திரும்பப் படிக்க வேண்டாம். மேப்ஸ் வரும் அத்தியாயம், கூடாரத்தில் பாலும் ஜெசிகாவும் இருக்கும் அத்தியாயம், ஃபென்ரிங் நிற்கும் கடைசி அத்தியாயம், இந்த மூன்றையும் பார்த்துவிட்டு நேரே 'மெசையா'வை எடுங்கள். அது பிடித்திருந்தால் மட்டும் மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்து வாங்குங்கள்.